கிண்டி ஆளுநர் மாளிகையில் காத்திருக்கும் மசோதாக்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சட்டமன்றத்தில் ஒரு மசோதா நிறைவேறியது என்று மாலைச் செய்தியில் வருகிறது. அதன் பிறகு மாதக்கணக்கில் பேச்சு மூச்சே இருக்காது. விசாரித்தால், "ஆளுநர் ஒப்புதலுக்குப் போயிருக்கிறது" என்பதுதான் பதில். 2020க்குப் பிறகு தமிழ்நாட்டில் இந்தப் பதிலைத் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டோம். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள், கல்லூரி மாணவர்கள், செய்தியை அக்கறையோடு படிக்கிறவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்ன கருத்து வரை இதில் உண்டு.

சட்டமன்றம் நிறைவேற்றிவிட்டால் அது சட்டம்தானே? ஆளுநர் எதற்கு நடுவில்?

அரசியலமைப்பின் 168ஆவது பிரிவுப்படி ஆளுநரும் மாநிலச் சட்டமியற்றும் அமைப்பின் ஓர் அங்கம். நம் மாநிலத்தில் மேலவை 1986லேயே கலைக்கப்பட்டுவிட்டதால், பேரவையும் ஆளுநரும் சேர்ந்ததுதான் அந்த அமைப்பு. பேரவை நிறைவேற்றுவது மசோதா. ஆளுநரோ குடியரசுத் தலைவரோ ஒப்புதல் தந்த பிறகுதான் அது சட்டம்.

வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் தமிழ்நாடு அரசிதழின் சிறப்பு வெளியீட்டைப் பாருங்கள். அதில் பகுதி 4, பிரிவு 1ல் மசோதாக்கள் வரும். பிரிவு 2ல் சட்டங்கள் வரும். பிரிவு 2ல் வரும் ஒவ்வொரு சட்டத்தின் தலையிலும், இன்ன தேதியில் ஆளுநரின் ஒப்புதலைப் பெற்றது, பொதுத் தகவலுக்காக வெளியிடப்படுகிறது என்று ஒரு வரி இருக்கும். முதல் பிரிவிலிருந்து இரண்டாவது பிரிவுக்குப் போக ஒரு மசோதாவுக்குச் சில நாட்களும் ஆகலாம், சில வருடங்களும் ஆகலாம். சர்ச்சையெல்லாம் அந்த இடைவெளியைப் பற்றித்தான்.

மசோதா கைக்கு வந்ததும் ஆளுநர் என்னென்ன செய்யலாம்?

200ஆவது பிரிவைப் படித்தால் மூன்று வழிகள் தெரியும்: ஒப்புதல் தரலாம், ஒப்புதலை நிறுத்திவைக்கலாம், குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கு ஒதுக்கி வைக்கலாம். அதே பிரிவின் முதல் விதிவிலக்கில் இன்னொன்றும் இருக்கிறது. பண மசோதாவாக இல்லாவிட்டால், மறுபரிசீலனை செய்யச் சொல்லி ஒரு குறிப்போடு பேரவைக்கே திருப்பி அனுப்பலாம். பேரவை அதைத் திருத்தியோ திருத்தாமலோ மறுபடியும் நிறைவேற்றி அனுப்பினால், ஆளுநர் ஒப்புதலை நிறுத்திவைக்கக் கூடாது.

நிறுத்திவைப்பதும் திருப்பி அனுப்புவதும் தனித்தனி வழிகளா, அல்லது இரண்டும் ஒன்றா என்பதில் பல வருடம் குழப்பம் இருந்தது. 2025 நவம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதைத் தெளிவாக்கியது. நிறுத்திவைத்தால் திருப்பி அனுப்பியே ஆக வேண்டும். காரணம் சொல்லாமல், திருப்பியும் அனுப்பாமல், கிடப்பில் போட்டுவிடுவது என்று ஒரு நான்காவது வழி அரசியலமைப்பில் கிடையாது.

"நிறுத்திவைத்தாலே மசோதா செத்துவிட்டது என்று பொருள்" என்று ஆளுநரே சொன்னாரே?

ஆமாம். 2023 ஏப்ரல் 6 அன்று குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களிடம் பேசும்போது, அப்போது ஆளுநராக இருந்த ஆர்.என். ரவி இந்தக் கருத்தைச் சொன்னார். நிறுத்திவைப்பதாகச் சொல்வது நாகரிகமான வார்த்தை, உண்மையில் மசோதா நிராகரிக்கப்பட்டுவிட்டது என்பதுதான் அவர் பேச்சின் சாரம். தேர்வுக்குப் படிக்கிறவர்களில் பலர் இன்றும் அதையே குறிப்பெடுத்து வைத்திருக்கிறார்கள். தயவுசெய்து அதை அடித்துவிட்டு எழுதுங்கள்.

அதே ஆண்டு நவம்பர் 10ஆம் தேதி, பஞ்சாப் அரசு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. ஒப்புதலை நிறுத்திவைக்க முடிவு செய்யும் ஆளுநர், மசோதாவைப் பேரவைக்குத் திருப்பி அனுப்பும் வழியில்தான் போக வேண்டும் என்றது. இல்லையென்றால், தேர்ந்தெடுக்கப்படாத ஒருவர் வெறுமனே "நிறுத்திவைக்கிறேன்" என்று சொல்லியே தேர்ந்தெடுக்கப்பட்ட அவையை முடக்கிவிட முடியும். 2025 நவம்பர் கருத்தும் இந்த இடத்தில் மாறவில்லை.

எத்தனை நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும்?

நாள் கணக்கு எதுவும் இல்லை. திருப்பி அனுப்புவதானால் "இயன்ற விரைவில்" அனுப்ப வேண்டும் என்று மட்டுமே 200ஆவது பிரிவு சொல்கிறது.

இது கவனக்குறைவால் விடுபட்டது அல்ல. நாடாளுமன்ற மசோதாக்களைக் குடியரசுத் தலைவர் திருப்பி அனுப்புவது பற்றிய வரைவுப் பிரிவில் "ஆறு வாரத்துக்குள்" என்றுதான் முதலில் இருந்தது. அதை எடுத்துவிட்டு "இயன்ற விரைவில்" என்று மாற்றும் திருத்தத்தை அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கொண்டுவந்தார். இப்படிப் பொத்தாம் பொதுவாக விட்டால் இழுத்தடிப்புக்கு வழியாகும் என்று உறுப்பினர் எச்.வி. காமத் அவையிலேயே எதிர்த்தார். திருத்தம் நிறைவேறியது. ஆறு வாரம்கூடத் தேவைப்படாது, அதற்கு முன்பே முடித்துவிடுவார்கள் என்ற நம்பிக்கை அந்த வார்த்தைகளுக்குப் பின்னால் இருந்ததாகவே நான் படிக்கிறேன். காமத்தின் பயம்தான் பலித்திருக்கிறது என்பது வருத்தமான விஷயம்.

மத்திய - மாநில உறவுகளை ஆராய்ந்த சர்க்காரியா ஆணையம் 1988ல் கொடுத்த அறிக்கையிலேயே காலக்கெடு வேண்டும் என்றது. 2010ல் அறிக்கை கொடுத்த பூஞ்சி ஆணையம் ஆளுநருக்கு ஆறு மாதம் என்று பரிந்துரைத்தது. இரண்டும் பரிந்துரையாகவே நின்றுவிட்டன.

தாமதமானால் என்ன ஆகிவிடும்? அரசுக் காரியம் என்றாலே தாமதம்தானே?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களிடம் 2020ல் நடந்ததைச் சொல்வேன்.

அரசுப் பள்ளியில் படித்து நீட் எழுதிய பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு தரும் மசோதா அது. நீதிபதி கலையரசன் குழுவின் அறிக்கையை வைத்துத் தயாரித்தார்கள். 2020 செப்டம்பர் 13 அன்று நீட் தேர்வு நடந்தது. 15ஆம் தேதி பேரவை மசோதாவை ஒருமனதாக நிறைவேற்றியது. ஆளும் கட்சி, எதிர்க்கட்சி என்ற பேதமே அதில் இல்லை. அக்டோபர் 16 அன்று தேர்வு முடிவும் வந்துவிட்டது. கையில் மதிப்பெண் இருக்கிறது, கலந்தாய்வு எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம், ஆனால் தனக்கு ஒதுக்கீடு உண்டா இல்லையா என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. அப்போது ஆளுநராக இருந்த பன்வாரிலால் புரோஹித், முடிவெடுக்க இன்னும் மூன்று நான்கு வாரம் தேவை என்று எழுதினார்.

விஷயம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனது. அரசு காத்திருந்து பார்த்துவிட்டு, அக்டோபர் 29 அன்று 162ஆவது பிரிவின் நிர்வாக அதிகாரத்தைப் பயன்படுத்தி அரசாணையாகவே ஒதுக்கீட்டை வெளியிட்டுவிட்டது. மறுநாள் ஆளுநரின் ஒப்புதல் வந்தது. சொலிசிட்டர் ஜெனரலின் சட்டக் கருத்துக்காகக் காத்திருந்ததாகவும், அது 29ஆம் தேதிதான் கைக்கு வந்தது என்றும் ஆளுநர் மாளிகை சொன்னது.

ஆறரை வாரம். வருடக்கணக்கில் கிடந்த மற்ற மசோதாக்களோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் மருத்துவச் சேர்க்கையில் ஆறரை வாரம் போனால் ஒரு வருடமே போய்விடும். பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு அந்த வருடத்தை யாரும் திருப்பிக் கொடுக்க முடியாது. அதனால்தான் "அரசுக் காரியம் என்றால் அப்படித்தான்" என்று கடந்துபோக எனக்கு மனம் வருவதில்லை.

ஆளுநர் கேள்வி கேட்பதே தப்பா?

தப்பே இல்லை. ஆன்லைன் சூதாட்டத் தடை மசோதாவை எடுத்துக்கொள்வோம். நீதிபதி சந்துரு குழுவின் பரிந்துரைக்குப் பிறகு 2022 அக்டோபர் தொடக்கத்தில் அவசரச் சட்டம் வந்தது. அதற்குக் கையெழுத்திட்டவரும் ஆளுநர் ஆர்.என். ரவிதான். அக்டோபர் 19 அன்று அதே விஷயம் மசோதாவாக நிறைவேறி அவரிடம் போனது. பேரவை கூடிய நாளிலிருந்து ஆறு வாரம் கழிந்தால் அவசரச் சட்டம் காலாவதியாகிவிடும். நவம்பர் இறுதியில் அப்படியே ஆனது. அவசரச் சட்டமும் போய்விட்டது, மசோதாவும் சட்டமாகவில்லை. ரம்மி செயலிகளில் பணத்தை இழந்த குடும்பங்களின் செய்திகள் வந்துகொண்டிருந்த காலத்தில், மாதக்கணக்கில் மாநிலத்தில் அந்தத் தடையே இல்லை.

2023 மார்ச் தொடக்கத்தில், இந்தச் சட்டத்தை இயற்ற மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லி ஆளுநர் மசோதாவைத் திருப்பினார். மார்ச் 23 அன்று பேரவை மறுபடியும் நிறைவேற்றியது. ஏப்ரல் 10 அன்று, ஆளுநர்களுக்குக் காலக்கெடு வேண்டும் என்று பேரவை தீர்மானம் போட்ட அதே நாளில், ஒப்புதல் வந்தது.

இதில் நியாயமாகச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. பிறகு 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றாலும், ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுப் பட்டியலில் வைத்த பகுதியை ரத்து செய்தது. ஆக, மசோதாவில் கேள்வி கேட்க இடமிருந்தது. ஆளுநர் கேட்டது குற்றமில்லை. அந்தக் கேள்வியை அக்டோபரிலேயே எழுதி அனுப்பியிருக்கலாம், நவம்பரில் பேரவை பதில் சொல்லியிருக்கும். திருப்பி அனுப்பும் வழியை அரசியலமைப்பு வைத்திருப்பதே அதற்காகத்தான்.

பத்து மசோதா வழக்கு என்கிறார்களே, அது என்ன?

2020 ஜனவரி முதல் 2023 வரை நிறைவேறிய பத்து மசோதாக்கள் ஆளுநர் மாளிகையில் தேங்கின. அவற்றில் மீன்வளப் பல்கலைக்கழகம், கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் பற்றிய இரண்டும் அ.தி.மு.க. ஆட்சியில் நிறைவேறியவை. மற்றவை தி.மு.க. ஆட்சியில் வந்தவை. பத்துமே பல்கலைக்கழகங்கள் தொடர்பானவை. துணைவேந்தரை நியமிக்கும் அதிகாரத்தை வேந்தரிடமிருந்து எடுத்து அரசுக்குக் கொடுப்பதுதான் அவற்றில் பெரும்பாலானவற்றின் மையம். வேந்தர் யார் என்றால் ஆளுநர்தான்! தன் அதிகாரத்தைக் குறைக்கும் மசோதாவில் தானே முடிவு சொல்ல வேண்டிய நிலை. அப்படிப்பட்ட இடத்தில் இருக்கும் ஒருவர் மற்ற மசோதாக்களைவிட இவற்றில் வேகமாகவும் வெளிப்படையாகவும் நடந்துகொண்டிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

2023 அக்டோபர் இறுதியில் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. நவம்பர் 10 அன்று நீதிமன்றம் இதைக் கவலைக்குரிய விஷயம் என்று சொல்லி நோட்டீஸ் அனுப்பியது. 13ஆம் தேதி ஆளுநர் பத்தையும் நிறுத்திவைப்பதாகச் சொல்லித் திருப்பினார். 18ஆம் தேதி, ஒரு சனிக்கிழமை, பேரவை சிறப்பாகக் கூடிப் பத்தையும் அப்படியே மறுபடி நிறைவேற்றியது. 28ஆம் தேதி ஆளுநர் பத்தையும் குடியரசுத் தலைவருக்கு ஒதுக்கி வைத்தார். வருடக்கணக்கில் அசையாத கோப்புகள், வழக்கு வந்ததும் ஒரே மாதத்தில் மூன்று முறை இடம் மாறின.

2025 ஏப்ரல் தீர்ப்பில் என்ன சொன்னார்கள்?

நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு ஏப்ரல் 8 அன்று தீர்ப்பளித்தது. மறுபடி நிறைவேறிய மசோதாக்களை அந்தக் கட்டத்தில் குடியரசுத் தலைவருக்கு அனுப்பியது செல்லாது என்றது. முழு நீதி வழங்க உச்ச நீதிமன்றத்துக்கு அதிகாரம் தரும் 142ஆவது பிரிவின் கீழ், பத்து மசோதாக்களும் 2023 நவம்பர் 18 அன்றே ஒப்புதல் பெற்றதாகக் கருதப்படும் என்று அறிவித்தது. கூடவே காலக்கெடுவும் வகுத்தது: அமைச்சரவை ஆலோசனைப்படி நிறுத்திவைக்கவோ ஒதுக்கவோ ஒரு மாதம், ஆலோசனைக்கு மாறாகத் திருப்புவதானால் மூன்று மாதம், மறுபடி நிறைவேறி வந்தால் ஒரு மாதம். குடியரசுத் தலைவருக்கும் மூன்று மாதம்.

அதே வாரத்தில் பத்துச் சட்டங்களும் அரசிதழில் வந்தன. நான் முதலில் சொன்ன அந்த ஒப்புதல் வரியில் இந்த முறை ஆளுநரின் கையெழுத்து நாள் இல்லை. உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் 18.11.2023 என்ற தேதியும் இருந்தன. ஆளுநரோ குடியரசுத் தலைவரோ கையெழுத்திடாமல், நீதிமன்றத் தீர்ப்பின் பேரில் சட்டங்கள் வந்தது அதுவே முதல் முறை.

பிறகு அது தலைகீழாகிவிட்டதா?

பாதி ஆகிவிட்டது. 2025 மே 13 அன்று குடியரசுத் தலைவர் 143ஆவது பிரிவின் கீழ் 14 கேள்விகளை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். தலைமை நீதிபதி பி.ஆர். கவாய், நீதிபதிகள் சூர்யகாந்த், விக்ரம் நாத், பி.எஸ். நரசிம்மா, அதுல் சந்துர்கர் அமர்வு விசாரித்து நவம்பர் 20 அன்று கருத்துச் சொன்னது.

மாநிலங்களுக்கு ஏமாற்றமாக அமைந்தவை: ஆளுநருக்கோ குடியரசுத் தலைவருக்கோ நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது. "ஒப்புதல் தந்ததாகக் கருதப்படும்" என்று நீதிமன்றம் அறிவிக்கவும் முடியாது. மூன்று வழிகளில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் ஆளுநருக்கு விருப்புரிமை உண்டு. அமைச்சரவை ஆலோசனை அவரைக் கட்டுப்படுத்தாது.

மாநிலங்கள் பிடித்துக்கொள்ளக் கூடியவை: திருப்பி அனுப்பாமல் வெறுமனே நிறுத்திவைக்க முடியாது. நீண்ட காலம், காரணம் சொல்லாமல், முடிவே இல்லாமல் கிடப்பில் போட்டால் நீதிமன்றம் தலையிடும். ஆனால் அந்தத் தலையீடு "நியாயமான காலத்துக்குள் முடிவெடுங்கள்" என்ற அளவோடு நின்றுவிடும். இப்படி முடிவெடுங்கள் என்று சொல்லாது.

எனக்கு மனக்குறை விருப்புரிமை பற்றிய பகுதியில்தான். ஆங்கிலேயர் காலத்து 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் 75ஆவது பிரிவில், ஆளுநர் "தன் விருப்புரிமைப்படி" முடிவெடுப்பார் என்று வெளிப்படையாக எழுதியிருந்தார்கள். நம் அரசியலமைப்பின் 200ஆவது பிரிவில் அந்தச் சொற்கள் இல்லை. எடுத்துவிட்டதற்கு ஒரு பொருள் இருக்கத்தான் வேண்டும். ஏப்ரல் தீர்ப்பு அதைக் கணக்கில் எடுத்தது சரி என்றே இன்னமும் நினைக்கிறேன்.

அப்படியானால் அந்தப் பத்துச் சட்டங்களின் கதி?

143ஆவது பிரிவின் கீழ் சொல்வது ஆலோசனைக் கருத்து. அது மேல்முறையீடு இல்லை. ஏப்ரல் தீர்ப்பின் மீது மேல்முறையீடாக உட்காரவில்லை என்பதை விசாரணையின்போதே நீதிபதிகள் சொன்னார்கள். தனியே, 2025 மே 21 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் விடுமுறைக்கால அமர்வு, துணைவேந்தர் நியமன அதிகாரத்தை மாற்றும் பகுதிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. ஆக, அரசிதழில் சட்டமாக அச்சானதும் வழக்கு முடிந்துவிடவில்லை.

எப்போது குடியரசுத் தலைவரிடம் போகும்? நீட் விலக்கு மசோதா ஏன் அங்கே போனது?

உயர் நீதிமன்றத்தின் அதிகாரத்தைக் குறைத்து அதன் நிலைக்கே ஆபத்து உண்டாக்கும் மசோதாவை ஆளுநர் கட்டாயம் ஒதுக்கி வைக்க வேண்டும். இது 200ஆவது பிரிவிலேயே இருக்கிறது. மத்திய அரசும் மாநிலமும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலில் உள்ள விஷயத்தில் மத்தியச் சட்டத்தோடு முரண்படும் மாநிலச் சட்டம் நிற்க வேண்டுமானால், 254(2) பிரிவின் கீழ் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் தேவை. கல்வி பொதுப் பட்டியலில் இருப்பதால் நீட் விலக்கு அந்த வழியில் போனது.

அதன் பயணம் இப்படி: 2021 செப்டம்பர் 13 பேரவையில் நிறைவேறியது. 2022 பிப்ரவரி தொடக்கத்தில் ஆளுநர் திருப்பினார். பிப்ரவரி 8 சிறப்புக் கூட்டத்தில் மறுபடி நிறைவேறியது. அதன் பிறகு டெல்லிக்குப் போனது. ஒப்புதல் மறுக்கப்பட்டுவிட்டது என்று முதல்வர் ஸ்டாலின் 2025 ஏப்ரல் 4 அன்று பேரவையில் தெரிவித்தார். அதற்கு முன் 2017ல் நிறைவேறிய இரண்டு நீட் விலக்கு மசோதாக்களின் கதை இன்னும் மோசம். அந்த ஆண்டு செப்டம்பரிலேயே ஒப்புதல் மறுக்கப்பட்டிருந்தது. பொதுமக்களுக்கு அது தெரிந்தது 2019 ஜூலையில், உயர் நீதிமன்ற வழக்கு விசாரணையில்.

டெல்லிக்குப் போனாலே தாமதம்தான் என்றும் சொல்ல முடியாது. ஜல்லிக்கட்டு மசோதா 2017 ஜனவரி 23 அன்று நிறைவேறியது. மெரினாவில் கூட்டம் கூடியிருந்த நேரம் அது. ஜனவரி 31 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வந்துவிட்டது. எட்டே நாள்.

குடியரசுத் தலைவர் மறுத்தால் மறுபடி நிறைவேற்றி அனுப்பலாமா?

201ஆவது பிரிவின் கீழ், மறுபரிசீலனைக்குத் திருப்பும்படி குடியரசுத் தலைவர் ஆளுநருக்குச் சொல்லலாம். அப்படி வந்தால் ஆறு மாதத்துக்குள் பேரவை முடிவெடுக்க வேண்டும். ஆனால் மறுபடி நிறைவேற்றி அனுப்பினாலும் ஒப்புதல் தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அங்கே கிடையாது. ஆளுநர் மசோதாவை ஒதுக்கி வைப்பதை மாநிலங்கள் அஞ்சுவதற்குக் காரணம் இதுதான்.

பட்ஜெட்டையும் இப்படி நிறுத்த முடியுமா?

பண மசோதாவைத் திருப்பி அனுப்ப முடியாது. அது ஆளுநரின் பரிந்துரையோடுதான் பேரவைக்கே வருகிறது.

ஆட்சி மாறினால், சட்டமன்றம் கலைந்தால், காத்திருக்கும் மசோதா காலாவதியாகுமா?

ஆகாது. கேரளத்தில் 1959 ஜூன் மாதம் விவசாய உறவுகள் மசோதா நிறைவேறியது. ஜூலை 31 அன்று முதல்வர் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் அரசு கலைக்கப்பட்டு, சட்டமன்றமும் கலைந்தது. குடியரசுத் தலைவர் மசோதாவைத் திருப்பினார். புதிய சட்டமன்றம் அதை நிறைவேற்றியது. இது செல்லாது என்று வழக்குப் போட்டபோது, பேரவை தன் வேலையை முடித்து ஒப்புதலுக்கு அனுப்பிய மசோதா கலைப்பால் காலாவதியாகாது என்று 1961 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் பத்தில் இரண்டு மசோதாக்கள் 2021 தேர்தலைத் தாண்டி வந்ததும் இதனால்தான்.

ஆளுநர் மேல் வழக்குப் போடலாமா?

361ஆவது பிரிவு ஆளுநருக்குத் தனிப்பட்ட பாதுகாப்புத் தருகிறது. பதவியின் செயலோ செயலின்மையோ நீதிமன்றத்தின் பார்வைக்கு வரும். தமிழ்நாடு, பஞ்சாப், கேரளா, தெலங்கானா நான்கும் இந்த வழியில் உச்ச நீதிமன்றப் படியேறியவை.

அமெரிக்காவிலும் ஆளுநர் தடுக்கிறாரே?

தடுக்கிறார். ஆனால் அவர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர். தடுத்ததற்கு அடுத்த தேர்தலில் பதில் சொல்ல வேண்டியவர். அங்கே நாள் கணக்கும் உண்டு. கலிபோர்னியாவில் கூட்டத்தொடர் நடக்கும்போது வந்த மசோதாவுக்கு 12 நாள். டெக்சஸில் 10 நாள், கூட்டத்தொடர் முடிந்துவிட்டால் 20 நாள். அதற்குள் கையெழுத்தும் போடாமல் தடுக்கவும் செய்யாவிட்டால், கையெழுத்தில்லாமலே அது சட்டமாகிவிடும். நியூயார்க்கில் கூட்டத்தொடர் முடிந்த பிறகு நிலைமை நேர்மாறு: 30 நாளில் கையெழுத்து விழாவிட்டால் மசோதா செத்துவிடும். எப்படியானாலும் ஒரு தேதி இருக்கிறது. இந்த மூன்று மாநிலங்களிலும், தடுத்த மசோதாவைப் பேரவைகள் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு மறுபடி நிறைவேற்றினால் ஆளுநரின் தடை விழுந்துவிடும்.

இலங்கையில் மாகாண சபைகளுக்கு?

13ஆவது திருத்தத்தில் வந்த 154எச் பிரிவு இதே போன்றது. மாகாண சபை நிறைவேற்றும் நியதிச் சட்டத்துக்கு ஆளுநர் சம்மதம் தரலாம், அல்லது திருப்பி அனுப்பலாம். மறுபடி நிறைவேறினால் சம்மதம் தர வேண்டும், அல்லது அரசியலமைப்புக்கு உட்பட்டதா என்று உயர் நீதிமன்றத்தைக் கேட்பதற்காக ஜனாதிபதிக்கு ஒதுக்க வேண்டும். அந்தக் கேள்வி இரண்டாம் முறை நிறைவேறிய ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். அங்கே உயர் நீதிமன்றம் என்பதுதான் நாட்டின் உச்ச மன்றம். ஐயம் இருந்தால் மன்றத்திடம் கேள் என்ற அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. 2013ல் தேர்ந்தெடுக்கப்பட்ட வட மாகாண சபையின் காலம் 2018ல் முடிந்த பிறகு அங்கே தேர்தலே நடக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஒரு மசோதா எங்கே நிற்கிறது என்று சாதாரண ஆள் எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் எழுதுபொருள், அச்சுத்துறையின் இணையதளத்தில் அரசிதழைப் பாருங்கள். பகுதி 4, பிரிவு 2ல் இருந்தால் சட்டமாகிவிட்டது. இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். மனுவில் கருத்துக் கேட்காதீர்கள், தேதி கேளுங்கள்: மசோதா ஆளுநர் மாளிகைக்கு வந்த நாள், விளக்கம் கேட்டிருந்தால் அந்த நாள், திருப்பிய அல்லது ஒதுக்கிய நாள். பேரவைச் செயலகம், சட்டத் துறை, ஆளுநரின் செயலகம் மூன்றுக்கும் தனித்தனியாகப் போட்டால் தேதிகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஒப்புதல் வந்த நாளிலிருந்தே சட்டம் அமலாகிவிடுமா?

எப்போதும் இல்லை. சட்டத்தின் முதல் பிரிவைப் படியுங்கள். "அரசு அறிவிக்கை மூலம் குறிப்பிடும் நாளில் நடைமுறைக்கு வரும்" என்று இருந்தால், அந்த அறிவிக்கை வரும் வரை காத்திருக்க வேண்டும். ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்துக்கு 2023 ஏப்ரல் 10 அன்று ஒப்புதல் வந்தது. நடைமுறைக்கு வந்தது ஏப்ரல் 21 அன்று. ஆளுநர் கையெழுத்திட்ட பிறகும் ஒரு சட்டம் அமலாகவில்லை என்றால், அடுத்த கேள்வியைத் தலைமைச் செயலகம் இருக்கும் கோட்டையில்தான் கேட்க வேண்டும்.